நெட்டமலையில் பெண் பிறக்கவில்லை

மூன்று வருடங்களில் இருநூற்றுப் பதினான்கு பிரசவங்கள். இருநூற்றுப் பதினான்கும் ஆண் குழந்தைகள்.

பெனினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால், அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்டிக் கைதட்டினார்கள். அவள் பங்கு கேக்கைக் காகிதத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நாணயத்தை இருநூற்றுப் பதினான்கு தடவை சுண்டி, ஒவ்வொரு தடவையும் தலையே விழுந்தால் யாரோ நாணயத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பெனினா படித்திருந்தாள். இருபது வருடமாகச் சென்னையில் அரசின் மக்கள்தொகைக் கணிப்பகத்தில் உட்கார்ந்து இந்த நாட்டில் யார் எங்கே பிறக்கிறார்கள், யார் எங்கே சாகிறார்கள் என்று எண்ணுவதுதான் அவள் வேலை.

அந்த வேலையின் பெரிய பலன் 'முன்னறி'. நாட்டின் எந்த மூலையில் பிரசவம் நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் செவிலியர் தன் கைக்கருவியில் பதிய வேண்டும். குழந்தையின் எடை, ஊர், தாயின் வயது, ஆணா பெண்ணா என்று நாலைந்து கேள்விகள். அதை வைத்து, இந்தக் குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு, உதவி போய்ச் சேர்ந்தால் பிழைக்குமா என்று முன்னறி கணக்குப் போடும். எந்த வீட்டுக்கு முதலில் சூட்டுப் பெட்டி போக வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். குறைமாதக் குழந்தையை உள்ளே வைத்துச் சூடும் மூச்சும் கொடுக்கிற பெட்டி அது. ட்ரோனில் தொங்கிக்கொண்டு, ரோடு இல்லாத ஊருக்கும் போகும். அது வந்த ஏழு வருடங்களில் நாட்டின் சிசு மரணம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான பகுதியை எழுதியவள் பெனினா. அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழும் வீட்டுச் சுவரில் தொங்கியது.

இயக்குநர் தணிகாசலம் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஸ்கேன் கும்பல்தான், வேற என்ன? இப்பல்லாம் ஸ்கேன் மிஷின் கைப்பைக்குள்ள அடங்கிடுது. எவனோ ஒருத்தன் மலை பூரா சுத்தி வயித்துல என்ன புள்ளைன்னு சொல்லிக்கிட்டிருக்கான். மூணு வருஷமா நாம பாக்கலையே, அதான் கேவலம்."

"ஒன்றியத்தோட சேர்த்துக் கூட்டினதால தெரியல சார். இந்த வருஷம்தான் துணை சுகாதார நிலையம் வாரியாப் பிரிச்சோம். ஆனா ஒண்ணு இடிக்குது."

"என்ன?"

"இறப்பு. இத்தனை பிறப்புல ரெண்டே ரெண்டு."

"நல்லதுதானே?"

"ரொம்ப நல்லதா இருக்கு சார், அதான் சந்தேகம். பத்து வருஷத்துக்கு முன்னாடி அந்த மலையில ஆயிரத்துக்கு அறுபது குழந்தை செத்துச்சு. அதுவுமில்லாம, பிறந்த முதல் மாசத்துல ஆண் குழந்தைதான் அதிகம் சாகும். பெண் குழந்தை இயற்கையிலயே கொஞ்சம் கெட்டி. வெறும் ஆணாப் பிறக்கிற ஊர்ல சாவு கூடத்தான் செய்யணும்."

தணிகாசலம் யோசித்தார். "அப்ப சாவையும் மறைக்கிறாங்க. நர்ஸ் யாரு?"

"வேடியம்மாள். பதினோரு வருஷமா அங்கயே இருக்காங்க. மாறுதல் கேட்டதே இல்ல."

"மலையில பதினோரு வருஷம் மாறுதல் கேக்காம ஒருத்தி உக்காந்திருக்காளா? அங்கதான் இருக்கு விஷயம். அடுத்த வாரம் இது டெல்லிக்குப் போகணும். நீங்களே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. போலீஸை அனுப்புறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்."

இரண்டு நாள் கழித்து, ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியபோது பெனினா நாகர்கோவிலை நினைத்துக்கொண்டாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தைச் சேர்க்கைக்குப் பிள்ளை இல்லாமல் போன வருடம் மூடிவிட்டார்கள். இப்போது அது முதியோர் இல்லம். தெற்கே ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்றாகி, அதுவும் இல்லை என்றாகிக்கொண்டிருந்தது. வடக்கே சில மாநிலங்களில் இன்னும் மூன்று, நான்கு. ஒரே நாடுதான். ஆனால் ஒரு பெண் குழந்தை எந்த மாவட்டத்தில் பிறக்கிறாள் என்று சொன்னால் போதும், அவள் ஐந்து வயதைத் தாண்டுவாளா, எத்தனை வயதில் கல்யாணம், எத்தனை பிள்ளை பெறுவாள், எப்போது சாவாள் என்று பெனினாவால் ஓரளவு சொல்லிவிட முடியும். சொன்னால் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தத் திறமையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நெட்டமலையில் ஜீப் நின்ற இடத்துக்கு எதிரிலேயே அங்கன்வாடி. யாருக்கும் சொல்லாமல்தான் வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள் வாசற்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

வரிசையாகக் குழந்தைகள் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு முட்டை. இரண்டு ரிப்பன் பின்னல்கள், ஒரு குடுமி, காதில் வேப்பங்குச்சி செருகிய மூன்று பேர், கொலுசு, பூப்போட்ட பாவாடை. பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தாள். இருபத்தொன்பது குழந்தைகள். அதில் பதினாறு பேர் பெண்கள்.

ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தாள். பக்கத்தில், முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் பத்திரமாக ஒதுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் குனிந்து கேட்டாள்.

"உன் பேரென்ன?"

"மாதேஸ்வரி."

"எந்த ஊர்?"

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள் அந்தப் பெண். "இந்த ஊர்தான்."

"எத்தனை வயசு?"

மாதேஸ்வரி மூன்று விரல்களைக் காட்டினாள். மூன்று வயது. பதிவேட்டின்படி மூன்று வருடமாக அந்த ஊரில் பிறந்த எல்லோரும் ஆண்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் பெனினா தன் அடையாள அட்டையைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போனது. போனை எடுத்து, "அக்கா, சென்னையிலிருந்து வந்திருக்காங்க. சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேடியம்மாள் கால்மணி நேரத்தில் வந்துவிட்டாள். முப்பத்தைந்து முப்பத்தாறு வயதிருக்கும். நீலப்புடவையை முட்டிக்குக் கீழ்வரை தூக்கிச் செருகியிருந்தாள். தோளில் மருந்துப் பை. ஓடையைத் தாண்டி வந்த ஈரம் காலில் இருந்தது. புடவையை இறக்கிவிட்டு வணக்கம் சொன்னாள்.

"உக்காருங்க மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"சிஸ்டர், இந்தப் பிள்ளைங்கெல்லாம் யாரு?"

"எம் பிரசவங்கதான் மேடம். எல்லாத்தையும் நாந்தான் கையில வாங்கினன்."

"பதிவுல இவங்க யாருமே இல்லையே."

"இருக்காங்க மேடம். ஆம்பளப் புள்ளயா இருக்காங்க." அவள் குரலில் பயமும் இல்லை, திமிரும் இல்லை. "நூத்தி மூணு பேரு. தப்புன்னு தெரியும். யாராச்சும் வந்து கேப்பீங்கன்னு மூணு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கன். நீங்கதான் ரொம்ப லேட்டு."

பெனினாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. பொய்ப் பதிவு என்பது அவளைப் பொறுத்தவரை சோற்றில் மண்ணள்ளிப் போடுவது மாதிரி. "எதுக்காக? பெண் குழந்தைக்குன்னு அரசாங்கம் கொடுக்கிற சலுகைகூட இவங்களுக்குக் கிடைக்காமப் போயிருக்குமே? பெத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"எம் பொறுப்புல இருக்கிற பதினோரு ஊர்லயும் ஒத்துக்கிட்டாங்க. சலுகை அப்புறம் மேடம். மொதல்ல புள்ள வேணுமில்ல?"

வேடியம்மாள் சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பையனைக் காட்டினாள். மூன்று, மூன்றரை வயதிருக்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்கூட ஒருத்தி பொறந்தா மேடம். ரெட்டைப் புள்ள. ஏழு மாசத்துலயே வலி வந்திருச்சி. அவன் ஆயிரத்தி இருநூறு கிராமு, அவ ஆயிரத்தி இருநூத்தி ஐம்பது. அவதான் கொஞ்சம் கனம், அழுகையும் அவளுதுதான் சத்தம். ரெண்டையும் ஒண்ணாத்தான் பதிஞ்சன். இருபது நிமிசத்துல வண்டு வந்திச்சி. இங்க ட்ரோனை வண்டுன்னுதான் சொல்லுவாங்க. ஒரு பெட்டி. அதுல அவன் நெம்பரு போட்டிருந்திச்சி. அவளுக்கு என்னான்னு பாத்தா காத்திருக்கவும்னு வருது."

"பெட்டி தட்டுப்பாடா இருந்திருக்கும். அடிவாரத்துல ரெண்டு பெட்டிதான்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சன். இன்னொரு பெட்டி எங்க போச்சின்னு அப்புறம் விசாரிச்சன். கீழ ஒரு ஊருக்குப் போயிருக்குது. ரெண்டு கிலோ இருக்கிற பையனுக்கு." வேடியம்மாள் பையனிடமிருந்து பார்வையை எடுத்தாள். "அவ அஞ்சு மணி நேரம் இருந்தா மேடம். எம் மாருலதான் போட்டு வெச்சிருந்தன். அதுக்கு மேல தாங்கல."

பெனினா சன்னலோரத்துப் பையனைப் பார்த்தாள்.

"மனு எழுதினன். மூணு தடவ. பரிசீலனையில் இருக்குதுன்னு பதில் வந்திச்சி. அடுத்த மாசம் இன்னொரு கொறமாசம், பொட்டப்புள்ள. கை தானாப் போயி ஆணுன்னு அமுக்கிருச்சி. இருபத்திரெண்டு நிமிசத்துல பெட்டி வந்து நின்னுச்சி. அதுதான் அந்த மாதேஸ்வரி. மொதல்ல எடை கம்மியான புள்ளைங்களுக்கு மட்டும்தான் அப்பிடிப் போட்டன். அப்புறம் நல்லா மூணு கிலோவுல பொறந்த ஒருத்திக்கு ஒம்பதாம் நாள் ஜன்னி வந்திச்சி. பொண்ணுன்னு பதிஞ்சிட்டன், மாத்த முடியல. அவளும் போயிட்டா. அன்னைக்கிருந்து எல்லாருமே ஆணுதான்."

ஏன் என்று பெனினா கேட்கவில்லை. ஏனென்று இந்த நாட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். உதவி போனால் பிழைக்குமா என்று முன்னறி கேட்கும். பதிலை முப்பது வருடப் பழைய பதிவுகளில் தேடும். அந்த மலையில் முப்பது வருடமாக ஆஸ்பத்திரிக்குப் போன பெண் குழந்தைகள் பாதிச் சிகிச்சையில் வீடு திரும்பி இறந்திருந்தார்கள். ஆகவே அங்கே பெண் குழந்தைக்கு அனுப்பும் பெட்டி வீண். ஆணா பெண்ணா என்பதை ஊரோடு சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால் கணிப்பு இன்னும் மூன்று சதவீதம் துல்லியமாகிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு வரியைச் சேர்த்தவள் பெனினா. சுவரில் தொங்கும் சான்றிதழ் அதற்குத்தான்.

"அந்தக் கணக்கு..." என்று அவள் தொடங்கும்போது வேடியம்மாளின் போன் அடித்தது. மேலூரில் சின்னக்கிளி என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது.

"வரீங்களா மேடம்? பேசிக்கிட்டே நடக்கலாம்" என்றாள் வேடியம்மாள். ஆனால் பேசவில்லை. ஏற்றத்தில் அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்து மூச்சுவிடுவதே பெனினாவுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் பிரசவம் முடிந்தது. பெனினா லட்சக்கணக்கான பிறப்புகளைக் கையாண்டவள். கூடவே இருந்தது தன் மகள் பிறந்தபோது மட்டும்தான், அதையும் மயக்கத்தில் பார்க்கவில்லை. இரண்டு சாண் நீளம்கூட இல்லாத ஒரு உடம்பு, தோலுக்குள் நீல நரம்புகள் தெரிய, வேடியம்மாளின் கைகளில் நெளிந்தது. பெண். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது கிராம். துடைத்து, தாயின் வெற்று மார்பில் ஒட்டி வைத்து மேலே துணியைப் போர்த்தினாள். மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வாசலில் சின்னக்கிளியின் புருஷன் தலையில் கைவைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

வேடியம்மாளின் இரண்டு கைகளும் குழந்தையின் மேல் இருந்தன. "மேடம், பையில கருவி இருக்குது. நீங்களே பதிஞ்சிருங்க. எடை சொல்லிட்டன்."

பெனினா ஊர், வயது, எடை எல்லாம் போட்டாள். கடைசிக் கேள்வியில் விரல் நின்றது. வேடியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

பெனினா 'பெண்' என்பதை அமுக்கினாள். இருபது வருடப் பழக்கம் அது. அதோடு, தான் எழுதிய கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது, வேடியம்மாள் எங்கோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்ற நப்பாசையும் மனசின் ஒரு மூலையில் இருந்தது.

திரையில் வந்தது: மூன்றாம் வரிசை. எதிர்பார்க்கும் நேரம் மூன்று மணி ஐம்பது நிமிடம். கீழே சிறிய எழுத்தில்: பதிவைத் திருத்த இரண்டு நிமிடம் உள்ளது.

நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. சின்னக்கிளி, "அக்கா, மூச்சு வுடுதா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பது நொடி மிச்சமிருந்தபோது பெனினா திருத்தத்தைத் திறந்து 'ஆண்' என்று அமுக்கினாள்.

முதல் வரிசை. பத்தொன்பது நிமிடம்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் பலாமரத்துக்கு மேலே அந்த ரீங்காரம் கேட்டது. பெட்டி இறங்கியது. குழந்தையை உள்ளே வைத்ததும், பெட்டிக்குள்ளிருந்து அடிவாரத்து டாக்டரின் குரல் வந்தது. "வேடியம்மா, பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான் டாக்டர். மூச்சு விட்டு விட்டு வருது."

டாக்டர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அரைமணி நேரத்தில் நீலம் போய் உடம்பு மெல்லச் சிவந்தது. மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. சின்னக்கிளியின் புருஷன் உள்ளே வந்து, பெட்டியின் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தான். பெனினா சுவரோரமாக உட்கார்ந்தாள்.

இறங்கி வரும்போதுதான் வேடியம்மாள் மறுபடி பேசினாள். "இங்க யாரும் பொட்டப்புள்ள வேணாம்னு கெணத்துல போடலீங்க மேடம். அந்தக் காலத்துல புள்ளைக்கு ஒடம்பு முடியலன்னா தூளி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்கணும். பத்து நாள் ஆசுபத்திரில உக்காரணும். அதுவரைக்கும் வேலையில்ல, சோறில்ல. பையன்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க. பொண்ணுன்னா அஞ்சாம் நாளே கெளம்பி வந்துட்டாங்க. தப்புதான். ஆனா இப்பதான் பெட்டி வீட்டுக்கே வருதே? யாரு எறங்கிப் போவணும்? பொண்ணு பெட்டிக்குள்ள இருந்தா அப்பங்காரன் பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்துக்கறான். ஜனங்க மாறிட்டாங்க மேடம். உங்க மிஷினுக்குத்தான் யாரும் சொல்லல."

பெனினா நின்றுவிட்டாள்.

"என்னாங்க?"

"நீங்கதான் அதுக்குச் சொல்லியிருக்கணும் சிஸ்டர். பொண்ணுன்னு எழுதியிருந்தா... இல்ல. எழுதியிருந்தா செத்துப் போயிருப்பாங்க. இத்தனை பேர் பிழைச்சதும் அதுக்குத் தெரியாது. ஏன்னா அவங்க பொண்ணுன்னு அதுக்குத் தெரியாது." அவள் பாதி தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "எல்லாத்தையும் திருத்திட்டா? நூத்தி மூணும் பொண்ணுன்னு?"

"என்னைய வேலையை விட்டுத் தூக்கிருவாங்க."

"தூக்கலாம்."

வேடியம்மாள் மருந்துப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எப்பிடியும் திருத்தித்தான் ஆவணும். இன்னும் ரெண்டு வருசத்துல மாதேஸ்வரி ஒண்ணாங்கிளாஸ் போவணும். ஆம்பளன்னு சர்ட்டிபிகேட்டை நீட்டினா வாத்தியாரு என்னா சொல்லுவாரு? திருத்துங்க. ஆனா ஒண்ணு மேடம். திருத்தினதுக்கப்புறம் இங்க பொறக்கப் போற பொண்ணு காத்திருக்கக் கூடாது. அது மட்டும் எனக்குச் சொல்லிருங்க. அப்புறம் என்னா வேணா பண்ணட்டும்."

சொல்லிவிடலாம் என்றுதான் பெனினாவுக்குத் தோன்றியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. "போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

தணிகாசலம் முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். முடிந்ததும், "நூத்தி மூணு பொய்ப் பதிவு. அந்த அம்மாவைச் சஸ்பெண்ட் பண்ணாம விட்டா நாளைக்கு எல்லா நர்சும் இஷ்டத்துக்கு எழுதுவாங்க பெனினா" என்றார்.

"நூத்தி நாலு சார். ஒண்ணு நான் போட்டது. நேரம், கருவி எண் எல்லாம் அறிக்கையில இருக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் எழுதிக் கொடுக்கிறீங்க? எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"பொய் எழுதாம இருக்கிற பழக்கம்தான் சார். ஒரு தடவை போதும்."

அந்த வரியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். எடுக்கலாம், ஆனால் ஊரின் பெயரிலேயே பாதி விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தாயின் வயதில் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வரும் என்றாள் பெனினா. அதற்கு உண்மையைக் கொடுத்துப் பார்க்கலாம். இருவரும் அவளுடைய அறைக்குப் போனார்கள். நெட்டமலையின் பதிவுகளின் நகலில் நூற்று நான்கு குழந்தைகளையும் அவள் பெண்ணாக மாற்றினாள். முன்னறியை அந்த நகலிலிருந்து மறுபடி கற்கவிட்டாள். கற்று முடிக்க நாற்பது நிமிடமானது. தணிகாசலம் அதற்குள் இரண்டு டீ குடித்தார்.

பிறகு ஒரு குழந்தையைப் பதிந்து பார்த்தாள். நெட்டமலை, ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிராம், பெண்.

முதல் வரிசை.

"அவ்வளவுதானா?" என்றார் தணிகாசலம்.

"அவ்வளவுதான் சார். பெட்டி போனா அங்க பொண்ணு பிழைக்கிறான்னு அதுக்கு இப்பத் தெரியும்."

"அப்ப காத்திருக்கப் போறது யாரு? பெட்டி ரெண்டுதானே?"

நல்ல கேள்வி. யாரோ ஒரு குழந்தை காத்திருக்கத்தான் வேண்டும். எடை அதிகமுள்ள குழந்தை, ஆணோ பெண்ணோ. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இன்னும் நான்கு பெட்டி வேண்டும் என்று அவள் எழுதியிருந்ததைக் காட்டினாள். (பிறகு கிடைத்தது ஒன்று.)

தணிகாசலம் வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த அம்மா ஒருத்திதான் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"

அந்தக் கேள்வி பெனினாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

டெல்லிக்குப் போன அறிக்கை பல மேசைகள் தாண்டி, பல திட்டுகள் வாங்கி, மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சுற்றறிக்கையாகத் திரும்பி வந்தது. பிறப்புப் பதிவில் பிழை செய்த செவிலியர் எவரும் முப்பது நாளுக்குள் தாமாகத் திருத்திக்கொள்ளலாம், நடவடிக்கை கிடையாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தணிகாசலம் ஐந்து முறை டெல்லி போய்வந்தார். நாடு முழுக்க ஐம்பது, மிஞ்சிப் போனால் நூறு வரும் என்றாள் பெனினா. அவர் ஆயிரம் என்றார்.

முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் நாள் வேடியம்மாளின் நூற்று நான்கு வந்தது. பெனினா போட்டதையும் சேர்த்து அவளே திருத்தியிருந்தாள். நான்காம் நாள் ராஜஸ்தானிலிருந்து பதினேழு. பயம் மெல்லத் தெளிந்திருக்க வேண்டும். இரண்டாம் வாரம் பீகார், ஹரியானா, உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் வர ஆரம்பித்தது. ஓர் அசாம் தேயிலைத் தோட்டத்துச் செவிலியர் ஆண் பெண்ணை மாற்றவில்லை. முந்நூறு குழந்தைகளின் முகவரியை மாற்றியிருந்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடு என்று எழுதினால் பெட்டி வராது, பக்கத்து டவுன் பெயரை எழுதினால் வரும். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஆளுக்கு ஓர் ஊரில், ஆளுக்கு ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தனியாகத்தான் அந்தப் பொய்க்கு வந்து சேர்ந்திருந்தாள்.

முப்பதாம் நாள் மாலை அலுவலகத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பெரிய திரையில் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு. நாலைந்து வருடங்களாகப் பிறக்கும் பெண்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதிய மாவட்டங்களிலிருந்துதான் முக்கால்வாசி வந்திருந்தன. அந்தத் தலையங்கங்களுக்குப் புள்ளிவிவரம் கொடுத்ததும் பெனினாவின் அலுவலகம்தான். காணாமல் போனவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் எத்தனையோ பேர் எங்கும் போகவில்லை. பையன்கள் பட்டியலில் இருந்தார்கள். உண்மையிலேயே பிறக்காமல் போனவர்களும், இறந்துபோனவர்களும் மிச்சமிருக்கத்தான் செய்தார்கள். அவர்களை எந்தத் திருத்தமும் கொண்டுவரப் போவதில்லை. இருந்தாலும் ஐம்பத்தெட்டாயிரம் என்பது ஒரு சின்ன நகரம்.

திருத்தப் படிவத்தில் குழந்தையின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். காரணம் எழுதும் கட்டத்தைப் பெரும்பாலானோர் காலியாகவே விட்டிருந்தார்கள். பீகாரிலிருந்து ஒருத்தி மட்டும் தன் எழுபத்திரண்டு குழந்தைகளுக்கும் ஒரே காரணத்தை எழுதியிருந்தாள். இந்தி தெரிந்த சக ஊழியர் ஒருவர் படித்துச் சொன்னார்: "உயிரோடு இருக்கிறாள்."

தணிகாசலம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடவடிக்கை கிடையாது என்ற வாக்கியம் செவிலியர்களுக்குத்தான். பெனினா அதிகாரி. அவளுடைய பதவி உயர்வை மூன்று வருடத்துக்கு நிறுத்தி ஒரு கடிதம் வந்தது. படித்தாள், கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டாள். சுவரிலிருந்த சான்றிதழை அதற்கு முன்பே கழற்றியிருந்தாள். முன்னறி புதிய பதிவுகளிலிருந்து கற்று முடித்து நாடு முழுக்க வேலைக்கு வந்த அன்று வேடியம்மாளுக்குப் போன் செய்து, "இனிமே உள்ளதை உள்ளபடியே போடுங்க சிஸ்டர்" என்றாள்.

"நெசமாவா மேடம்?"

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். போட்டுப் பாத்தேன். நல்லா இருக்கு."

அடுத்து பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. பதினோராம் நாள் காலை, பேருந்தில் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம், வேடியம்மா பேசறன். விடிஞ்சதும் ஒரு பிரசவம். ஏழரை மாசம்தான். பொட்டப்புள்ள." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பொட்டப்புள்ளன்னே போட்டங்க. அந்த ரெண்டு நிமிசமும் திருத்துற எடத்துலயே வெரலை வெச்சிக்கிட்டு நின்னன். உங்கள நம்பாம இல்ல, இருந்தாலும்..."

"எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எத்தனை நிமிஷம் வந்துச்சு?"

"பதினெட்டு. பதினேழுலயே வந்திருச்சி."

பெனினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போனுக்குள் வேடியம்மாளின் குரலுக்குப் பின்னாலிருந்து, கம்பியில் கீறுவது போல மெலிசாக, விடாமல், ஒரு சத்தம் கேட்டது.

"அது யாரு சிஸ்டர்?"

"அவதான் மேடம். பெட்டிக் கதவைத் தொறந்தாவே இப்பிடித்தான் கத்தறா. அந்த டாக்டரு வேற, பொண்ணு நல்லா அழுவறா, நல்லா அழுவறான்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. பேச முடியல மேடம், அப்புறம் கூப்பிடறன்."

"வைக்காதீங்க" என்றாள் பெனினா. "பேச வேண்டாம். அப்படியே கொஞ்ச நேரம் பெட்டிகிட்ட வையுங்க."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து, போனது. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.